உருள்முனை எழுத்துரு

டிசைனர்கள் ரவுண்டட் ஃபான்ட் என்பதைத் தமிழில் ‘வட்ட எழுத்துரு’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இவ்வகை எழுத்துகள் வட்டமாக இருக்க வேண்டியதில்லை. கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெட்டி நிறுத்தியதுபோல் இல்லாமல், விரல்நுனிபோல் உருண்டிருக்கும், அவ்வளவுதான். மேலும், வட்டெழுத்து என்பது நம் பழைய கல்வெட்டு எழுத்துமுறை ஒன்றின் பெயர். இரண்டும் குழம்பும். ‘மழுங்குமுனை’ என்றால் பொருள் சரிதான். ஆனால் கத்தி மழுங்கினாலும் புத்தி மழுங்கினாலும் அதைக் குறையாகத்தானே சொல்கிறோம்? இங்கே முனையை ஆசையாக உருட்டியிருக்கிறார்கள். அதனால் உருள்முனை எழுத்துரு என்பதே பொருத்தம் என்பேன்.

ஃபான்ட் என்ற சொல்லுக்குள் நெருப்பு இருக்கிறது. உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. அதற்கும் வேர், ‘ஊற்று’ என்று பொருள்படும் லத்தீன் வினை. ஈயக் கலவையை உருக்கி, வார்ப்பச்சில் ஊற்றி எழுத்து செய்த காலத்துப் பெயர். அப்போது ஒரே வடிவத்தின் ஒவ்வோர் அளவும் தனித்தனி ஃபான்ட். தமிழின் எழுத்துருவோ ‘உரு’வை, அதாவது வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. ஈயம் போய்க் கணினிக் கோப்பு வந்த பிறகும் இந்தச் சொல் அப்படியே பொருந்துவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சி.

உருண்ட எழுத்து புதிய மோகம் அல்ல. கூப்பர் பிளாக் என்ற ஆங்கில எழுத்துரு 1922-இல் வந்தது. அதன் அடிக்கட்டைகள்கூட, அதாவது கோடுகளின் முனையில் குறுக்கே நீளும் செரிஃப்கள்கூட, ஊதியதுபோல் உருண்டிருக்கும். 1979-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்காக உருவான விஏஜி ரவுண்டட், பிற்பாடு ஆப்பிள் கணினிகளின் விசைகளிலும் பல ஆண்டுகள் இருந்தது. தமிழில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பாலூ தம்பி என்ற எழுத்துரு இருக்கிறது, இலவசமாகவே.

அடுத்தது, இவ்வகை எழுத்துருவைப் பற்றிச் சொல்லும்போது வரும் ‘ப்ளேஃபுல்’ என்ற சொல். இதை விளையாட்டுத்தனம் என்று பெயர்த்தால் பொறுப்பின்மையின் சாயல் வந்துவிடும். துள்ளல் என்பதுதான் சரி. பிராண்டிங்கில் பெயரும் சின்னமும் பெரிதாக நிற்பதால் துள்ளல் நன்றாக எடுபடும். பத்திரிகையில் தலைப்புக்கும் பெட்டிச் செய்திக்கும் போதும், பத்திகளுக்கு வேண்டாம். முனையின் உருட்சி கோட்டின் தடிமனைப் பொறுத்தது. கோடு மெலிந்து அளவும் சிறுத்தால், உருட்டியதே கண்ணுக்குத் தெரியாது. தடித்த எழுத்தைச் சிறிதாக்கினாலோ ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அடைபட்டுப்போகும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ழ’வும் ‘இ’யும் முன்பே வளைந்தவை, முனையை மட்டும் உருட்டினால் ஆயிற்று. ‘ப’, ‘ட’ இரண்டும் அப்படியில்லை. முனை உருண்டு மூலை மட்டும் கூராக நின்றால், ஒரே எழுத்தை இரண்டு பேர் பாதி பாதியாக வரைந்ததுபோல் இருக்கும். மூலையையும் கொஞ்சம் வளைக்கத்தான் வேண்டும், ‘ப’ கிண்ணமாகிவிடாத அளவுக்கு. அப்புறம் புள்ளி. அதைக் கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக வைப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ ஒரு கோட்டின் உருண்ட முனை உடைந்து மேலே ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும்.