எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் துளிகள்

தண்ணீர், எண்ணெய் இரண்டில் எது கனம் என்று கேட்டால் பலரும் எண்ணெயைத்தான் சொல்வார்கள். கொழகொழவென்று இருக்கிறதே! ஆனால் 100 மில்லி தண்ணீரின் எடை 100 கிராம். அதே அளவு சமையல் எண்ணெய் ஏறக்குறைய 92 கிராம்தான். தேன் 140 கிராமைத் தொடும். கொழகொழப்பு என்பது பாகுத்தன்மை, அதாவது திரவம் எவ்வளவு தயங்கி ஓடுகிறது என்பது. அடர்த்தி வேறு. ஒரே கொள்ளளவில் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதுதான் அது. முதலில் தேன், பிறகு தண்ணீர், கடைசியில் எண்ணெய் என்று டம்ளரின் உள்சுவரை ஒட்டி மெதுவாக ஊற்றினால் மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும். கலக்கிவிட்டால் தேன் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் மட்டும் பிரிந்து மேலே வந்துவிடும்.

சரி, இதோடு நுரையையும் சேர்த்துப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஈரமில்லாத கண்ணாடி டம்ளரின் அடியில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைப் பரப்பி, அதன்மேல் முக்கால் டம்ளர் எண்ணெய் ஊற்றுங்கள். வினிகரில் கொஞ்சம் ஃபுட் கலர் கலந்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

வினிகரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதனால் எண்ணெயில் கரையாமல் உருண்டு திரண்டு கீழே இறங்கும். சோடாவைத் தொட்டதும் துளியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அப்புறம் துளி லேசாக நீண்டு, அடியிலிருந்து கழன்று மேலே ஏறும். எண்ணெயின் மேற்பரப்பில் குமிழி உடைந்ததும் மறுபடி இறங்கும்.

வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டான சமையல் சோடாவும் சேர்ந்து சோடியம் அசிட்டேட், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் தருகின்றன. வாயு ஒட்டிக்கொண்டதும் துளியின் பருமன் கூடுகிறது, எடையோ பெரிதாகக் கூடுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடர்த்தி எண்ணெயைவிடக் குறைந்துபோகிறது. அதனால்தான் ஏறுகிறது.

எண்ணெய்க்குள் துளியைத் தூக்கிய அதே வாயு, காற்றில் கீழே இறங்கும். காற்றைவிட அது சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. ஒரு ஜக்கில் சோடாவையும் வினிகரையும் மட்டும் கலந்து, நுரை அடங்கியபின் திரவம் சிந்தாமல் ஜக்கை எரியும் மெழுகுவத்திமேல் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்கு எதுவுமே தெரியாது, சுடர் அணைந்துவிடும். ஜக்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

குழந்தைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இதை மூடிபோட்ட பாட்டிலில் மட்டும் செய்யவே கூடாது. 1 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தாலே கால் லிட்டருக்கு மேல் வாயு வரும். போக வழியில்லை என்றால் பாட்டில் வெடித்துவிடும்.