ஐ-லீக் கிளப்பில் இடம் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்டால்

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு தகப்பனார் வந்துவிட்டுப் போனார். ஷூ கம்பெனியில் வேலை. பதினாறு வயது மகன் நன்றாகக் கால்பந்து ஆடுவான். வடக்கே, ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரில் ஆடும் ஒரு கிளப்பின் ஜூனியர் அணியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஒருவர் சொல்ல, வீட்டம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். முதலில் டிரையல் ஃபீஸ், அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன், அப்புறம் ஹாஸ்டல், கடைசியில் ஷூவுக்கும் ஜெர்சிக்கும். பையன் போய் இறங்கிய இடத்தில் ஒரு வாடகை வீடும், அவனைப் போலவே பணம் கட்டி வந்த பிள்ளைகளும்தான். கிளப்புக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடியாத்தம், வாணியம்பாடி, காட்பாடி என்று இதே கதையோடு வேலூர் சத்துவாச்சாரியில் என்னிடம் வருகிறவர்கள் நின்றபாடில்லை. வக்கீலாக எனக்கு அலுத்துவிட்டது. வழக்கு போடுவதைவிட இதை எழுதுவது உபயோகமாக இருக்கும்.

பணம் எப்படிப் பறிபோகிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ஆற்றாமை வருவது வேறொன்றில். வருகிற எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: “டிவியில வர்ற லீக் சார், நம்பாம எப்படி?” லீக் நிஜம்தான். ஆனால் லீக் நிஜம் என்பதால் கிளப் நிலையானது, கிளப் நிலையானது என்பதால் பையனின் வாழ்க்கைக்கு வழி பிறந்துவிட்டது என்று நினைக்கிறீர்களே, அந்த இரண்டும் நிஜமில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பங்களில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பந்து ஆடினால் ரயில்வேயிலோ போலீஸிலோ பேங்கிலோ வேலை. ஆட்டம் நின்ற பிறகும் சம்பளம் நிற்காது, பென்ஷன் உண்டு. 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கில்கூட இந்தியன் வங்கி அணி ஆடியது. இன்றைய கிளப் அப்படி இல்லை. அது ஒரு தனியார் கம்பெனி. ஒப்பந்தம் ஒரு சீசனுக்கோ இரண்டு சீசனுக்கோதான். முதலாளி கையை விரித்தால் அணியே இருக்காது.

ஐ-லீக்கின் கதையைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். 2007-ல் பழைய தேசிய லீக்கின் இடத்துக்கு வந்தது ஐ-லீக். அப்போது அதுதான் நாட்டின் முதல் பிரிவு. ஆனாலும் கிளப்புகள் மூடப்படுவது நிற்கவில்லை. தேசிய லீக்கில் பட்டம் வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. முதல் தேசிய லீக்கையே வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-ல் முடிந்துபோனது. ஐ-லீக்கைப் பின்னுக்குத் தள்ளிய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்ற பெயரே அப்போது கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆக, எல்லாப் பழியையும் ஐ.எஸ்.எல். மேல் போடுவதும் சரியில்லை. டிக்கெட்டிலும் டிவியிலும் பணம் வராத விளையாட்டை முதலாளியின் ஆசை மட்டுமே தாங்கிக்கொண்டிருந்தது.

நல்ல காலமும் இருந்தது, மறுக்கவில்லை. 2013-ல் பிறந்த பெங்களூரு அணி முதல் சீசனிலேயே சாம்பியன். 2016-17-ல் மிசோரமின் ஐஸால், பெரிய அணிகளையெல்லாம் தள்ளிவிட்டுப் பட்டம் வென்றது. நம்மவர்களுக்கு மறக்க முடியாதது 2019 மார்ச். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி சாம்பியன் ஆனது. 43 புள்ளி. 42 புள்ளியோடு ஈஸ்ட் பெங்கால் இரண்டாவது. அந்த அணியின் பெத்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் போட்டார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் அதில் பங்கு வாங்கியது. இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கால்பந்து கூட்டமைப்பு, இந்தியாவின் முதல் பிரிவு இனி ஐ.எஸ்.எல். என்று ஒப்புக்கொண்டது. வேர் அதற்கு முன்பே போட்டாயிற்று. 2010-ல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து 2014-ல் வந்ததுதான் ஐ.எஸ்.எல். விளம்பரமும் ரசிகரும் அந்தப் பக்கம் போக, 2016-ல் கோவா கிளப்புகள் ஐ-லீக்கிலிருந்து விலகின, 2017-ல் பெங்களூரு ஐ.எஸ்.எல்.லுக்கு மாறியது, 2020-ல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் போயின. ஐ-லீக் இரண்டாம் பிரிவு ஆனது. சென்னை சிட்டி 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த லீக்கிலேயே இல்லை. பட்டம் வென்று இரண்டே சீசன். தமிழ்நாட்டுக்கு ஐ-லீக் பட்டம் கொண்டுவந்த அணிக்கே இந்தக் கதி என்றால், பெயரே கேள்விப்படாத ஒரு கிளப்பின் ‘ரிசர்வ் டீம்’ உங்கள் பிள்ளையைக் கரை சேர்க்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

“ஜெயிச்சா மேல போயிடலாம்ல சார்?” இதையும் கேட்கிறார்கள். கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. ஐ.எஸ்.எல்.லுக்கு மேலே போகவில்லை, அப்போது அப்படி ஏறும் விதியே கிடையாது. 2022-23-ல் வென்ற பஞ்சாப் அணிதான் முதல் முறையாக ஏறியது, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். 2024-25-ல் சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று சம்மேளனம் அறிவித்து, இன்டர் காசி வழக்குக்குப் போய், சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயம் ஜூலையில் இன்டர் காசிதான் சாம்பியன் என்றது. எங்கள் தொழிலில் இப்படித் தீர்ப்பு மாறுவது சகஜம். மைதானத்தில் உழைத்த பிள்ளைக்கு அது சகஜமாக இருக்கக் கூடாது. அதே 2025 ஜூலையில், முன்பு சொன்ன அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதால் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. முதல் பிரிவுக்கே அந்த நிலை.

சரி, என்ன செய்ய வேண்டும்?

கிளப்பின் பெயரைச் சொன்னதும், இந்த சீசனில் அது எந்த லீக்கில் ஆடுகிறது என்று சம்மேளனத்தின் தளத்தில் பாருங்கள். போன வருடப் பட்டியல் உதவாது. பிறகு கிளப்பையே நேரடியாகத் தொடர்புகொண்டு, இன்னார் உங்கள் ஆளா என்று கேளுங்கள். அந்த ஆள் கொடுத்த நம்பரில் கேட்காதீர்கள்! ஏஜென்ட் என்று சொன்னால், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உரிமம் எங்கே என்று கேளுங்கள். தேர்வு எழுதித்தான் அதை வாங்க முடியும், ஃபிஃபா தளத்தில் பெயரைத் தேடலாம். உண்மையான ஏஜென்டுக்குக் கூலி, வீரருக்கு ஒப்பந்தம் அமைந்த பிறகு அந்த வருமானத்திலிருந்து வருவது. ஒப்பந்தமே இல்லாமல் முன்கூட்டி லட்சக்கணக்கில் கேட்பவர் ஏஜென்ட் இல்லை.

மைனர் பையன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1903-லேயே மொஹோரி பீபி வழக்கில், அந்தக் காலத்துக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, சட்டக் கல்லூரியில் முதலில் படிக்கும் வழக்குகளில் ஒன்று. அதனால்தான் உங்கள் கையெழுத்தை வாங்குகிறார்கள். ‘நடுவில் விலகினால் இவ்வளவு கட்டுவேன்’ என்ற வரி இருந்தால் போடவே போடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. ஐந்து வருடம், எட்டு வருடம் என்று எழுதிய தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பேங்க் வழியாக, ரசீதோடு. கையில் ரொக்கம் வேண்டாம். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி., ஆதார் எதையும் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், பிளஸ் டூவை நிறுத்தாதீர்கள். அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே கேட்பது படிப்பும், மாநிலத்துக்காக ஆடிய சான்றிதழும். வடக்கே ஒரு வாடகை வீட்டில் ஆறு மாதம் கிடந்ததற்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டிலேயே உட்காராதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், “திருப்பித் தர்றேன்” என்ற வாய்தாவை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மற்றபடி பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடிப் புகார் கொடுக்கலாம், காவல் நிலையத்தில் எடுக்காவிட்டால் எஸ்.பி. அலுவலகத்தில். பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்கு போட மூன்று ஆண்டுகள்தான் காலக்கெடு. அது முடிந்த பிறகு ஃபைலோடு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை. வரும்போது அனுப்பிய பண விவரம், கையெழுத்துப் போட்ட தாளின் நகல், அந்த ஆளின் எல்லா நம்பர்களும் எடுத்து வாருங்கள். பையனையும் கூட்டி வாருங்கள். அங்கே என்ன நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.