ஸ்தொயான்: ஒரு வினைச்சொல் பெயராக நிற்கும் விதம்

1994 ஜூலை 10 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்தின் கால் இறுதியில், நடப்பு வெற்றியாளரான ஜெர்மனியைப் பல்கேரியா 2-1 என்ற கணக்கில் வீழ்த்தியது. அன்று பல்கேரியாவுக்காகக் களமிறங்கிய பதினொருவரின் குடும்பப் பெயர்களை வரிசையாக எழுதினால் ஒரு விந்தை கண்ணில் படும்: மிஹாய்லோவ், கிரியாகோவ், ஹூப்சேவ், இவானோவ், த்ஸ்வெதானோவ், யான்கோவ், லெச்கோவ், பாலகோவ், சிராகோவ், கொஸ்தாதினோவ், ஸ்தொயிச்கோவ். பதினொன்றும் ஒரே ஓசையில் முடிகின்றன. அந்த ‘ஓவ்’, ‘ஏவ்’ விகுதிகள் நம்முடைய ‘உடைய’ என்பதைப் போன்றவை. இவானுடைய வழியில் வந்தவர் இவானோவ், மிஹாய்லுடைய வழியில் வந்தவர் மிஹாய்லோவ். ஆகவே விகுதியைக் கழற்றிவிட்டால், எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையின் இயற்பெயர் பெரும்பாலும் உள்ளிருந்து வெளிப்பட்டுவிடும்.

பட்டியலின் கடைசி இரண்டு பெயர்களும் முன்கள வீரர்களுடையவை. எமில் கொஸ்தாதினோவ் 1993 நவம்பரில் பாரிசில் பிரான்சுக்கு எதிராக இரண்டு கோல் அடித்து, அதிலும் இரண்டாவதை ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்து, பல்கேரியாவை அந்த உலகக் கோப்பைக்குள் கொண்டுவந்தவர். ஹ்ரிஸ்தோ ஸ்தொயிச்கோவ் அத்தொடரில் ஆறு கோல் அடித்து, ரஷ்யாவின் சாலென்கோவுடன் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அதே ஆண்டு ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதையும் பெற்றவர். இவ்விருவரின் குடும்பப் பெயர்களும் கேட்பதற்கு வேறுவேறாக இருந்தாலும், மொழியியலாளர் கையில் கொடுத்தால் இரண்டையும் ஒரே வேரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அந்த வேரின் பொருள் ‘நில்’ என்பது. அதன் நேரடியான பல்கேரிய வடிவம்தான் இக்கட்டுரையின் பொருளான ஸ்தொயான் என்னும் ஆண்பெயர்.

பெயரை முதலில் சரியாக உச்சரித்துவிடுவோம். ஆங்கிலம் வழியாக வரும் செய்திகளில் இது ‘ஸ்டோயான்’ ஆகிவிடுகிறது. பல்கேரிய மொழியின் ‘த’ பல்லொலி. நம்முடைய ‘த’வைப் போல நாக்கு நுனி பல்லைத் தொட்டே பிறக்கிறது. அழுத்தம் இரண்டாம் அசையான ‘யா’வின் மேல் விழுவதால், முதல் அசையின் ஒகரம் தளர்ந்துவிடும். கிழக்குப் பல்கேரியாவின் பேச்சுவழக்கில் அது ஏறத்தாழ உகரமாகவே மாறி, பெயர் ‘ஸ்துயான்’ என்று காதில் விழும்.

பல்கேரிய மொழியில் ‘ஸ்தொயா’ என்றால் நிற்கிறேன், இருக்கிறேன், அகலாமல் தங்கியிருக்கிறேன் என்று பொருள். அந்த வினையடியில், செயல் முற்றியதைக் காட்டும் எச்ச விகுதி சேர்ந்து உருவானதே ஸ்தொயான். குழந்தைகள் பிறந்து பிறந்து இறந்த வீடுகளில், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று இட்ட பெயர் இது. ‘பிள்ளை தங்கவில்லை’ என்று தமிழில் சொல்கிறோமே, அதே துயரத்துக்கு அங்கே கண்ட மருந்து என்று இதைச் சொல்லலாம். இதன் இலக்கண அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘நிற்பாயாக’ என்று வாழ்த்தும் ஏவல் வடிவம் அவர்கள் மொழியிலும் உண்டு. ஆனால் பெயருக்கு அதை எடுக்கவில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை ஏற்கெனவே நின்றுவிட்டவன் என்றே அழைத்தார்கள். வேண்டுதலை நிறைவேறிவிட்ட செய்தியாகச் சொல்வது மந்திரச் சொற்களில் பல சமூகங்களில் காணப்படும் உத்தி. இங்கே அந்த வேலையை ஓர் எச்ச விகுதியே செய்துவிடுகிறது.

இது தனித்து நிற்கும் பெயர் அன்று. பல்கேரியரின் பழைய ஸ்லாவியப் பெயர்களில் காப்புப் பெயர்கள் ஒரு பெரிய குடும்பம். ஷிவ்கோ என்றால் உயிருள்ளவன், ஸ்த்ராவ்கோ நலமுள்ளவன், ஷெலியாஸ்கோ இரும்பன், காமென் கல், வல்கோ ஓநாய். ‘நீடித்திரு’ என்னும் பொருள்படும் வினையிலிருந்து த்ராய்கோ வந்தது. ஸாப்ரியான் என்னும் பெயர் இன்னும் கூர்மையானது. ‘தடுத்து நிறுத்து’ என்னும் வினையிலிருந்து பிறந்த அது, பிள்ளையிடம் பேசாமல் சாவிடம் பேசுகிறது. ஸ்தொயான் பிள்ளையை நிற்கச் சொல்கிறது. ஸாப்ரியான் சாவை நிற்கச் சொல்கிறது. நய்தென் என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு சடங்கே உண்டு. முன் பிறந்தவர்கள் இறந்துபோன வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும், அதைத் துணியில் சுற்றி நாற்சந்தியிலோ பாலத்தருகிலோ வைத்துவிட்டு, பெற்றவர்கள் மறைவாக நின்றுகொள்வார்கள். அவ்வழியே முதலில் வருபவர் குழந்தையைக் கையில் எடுத்து, அதற்கு ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ ஆவார். நய்தென் என்றால் கண்டெடுக்கப்பட்டவன். இது அந்த வீட்டுப் பிள்ளையே அல்ல என்று சாவை நம்பவைப்பதுதான் நோக்கம். நம் ஊரில் குப்பன், பிச்சை என்று பெயரிட்டதற்குச் சொல்லப்படும் காரணம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இனி வேருக்கு வருவோம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொதுத் தாய்மொழிக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். ‘நில்’ என்பதற்கு அவ்வாறு மீட்டெடுத்த வேர் ஏறத்தாழ ‘ஸ்தெஹ்’ என்று ஒலித்திருக்கும். இறுதியில் உள்ள அந்த ‘ஹ்’ தொண்டையிலிருந்து எழும் ஒலி. பெரும்பாலான கிளைமொழிகளில் அது மறைந்தே போய்விட்டது. அப்படியொரு ஒலி இருந்திருக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சொசூர் 1879 என்று ஆண்டு குறித்த தம் நூலில், உயிரொலிகளின் ஒழுங்கை மட்டுமே வைத்துக் கணித்தார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுதான். பின்னர் களிமண் பலகைகளிலிருந்து, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியான ஹிட்டைட் படிக்கப்பட்டபோது, சொசூர் கணித்த இடங்கள் சிலவற்றில் ஒரு ‘ஹ்’ உண்மையாகவே எழுதப்பட்டிருப்பதை 1927இல் போலந்து மொழியியலாளர் யெர்ஷி குரிவோவிச் சுட்டிக்காட்டினார். கண்ணில் படுவதற்கு முன்பே கணக்கினால் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூன் கோளுக்கு மொழியியலில் ஒரு இணை தேடினால், இந்த ஒலியைத்தான் சொல்ல வேண்டும்.

நம் வேரில் அந்த ஒலி தான் மறைந்தாலும் தடம் விட்டுச் சென்றது. தனக்கு முன்னிருந்த எகரத்தை ஆகாரமாக மாற்றியது. அதனால்தான் லத்தீனில் ‘ஸ்தாரே’ என்று ஆகாரம் ஒலிக்கிறது. சமஸ்கிருதத்தில் அது முன்னிருந்த தகரத்தின் மேல் ஏறி, அதை மூச்சுச் சேர்ந்த வல்லின ‘த’வாக ஆக்கியது, ‘ஸ்தா’ என்னும் வடமொழி வேரில் கேட்கும் மூச்சு அதுதான். ஸ்தானம், பிரதிஷ்டை, நிஷ்டை, அவஸ்தை என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள்; பாரசீகத்தின் வழியே நாடுகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்ட ‘ஸ்தான்’ என்பதும் அதன் உறவே. ஸ்லாவிய மொழிகளில் மூச்சு நிலைக்கவில்லை. பழைய ஸ்லாவிய வினையான ‘ஸ்தொயாதி’யில் வெறும் தகரமே எஞ்சியது. தமிழ் எழுத்திலும் மூச்சொலிக்குத் தனி வடிவம் இல்லை. அதனால் தமிழில் எழுதிய ‘ஸ்தானம்’, அதை நமக்குத் தந்த சமஸ்கிருதத்தைவிடப் பல்கேரிய ‘ஸ்தொயான்’ என்பதற்கு நெருக்கமாகத் தோன்றுகிறது.

இதே வேர் பல்கேரியருக்குள் வேறு வாசல்கள் வழியாகவும் நுழைந்தது. 864-865 அளவில் முதலாம் போரிஸ் மன்னர் கிறித்தவத்தை ஏற்றபின், பைசாந்தியத் திருச்சபையின் பெயர்கள் வந்து குவிந்தன. அவற்றுள் அனஸ்தாஸ் என்பது ‘எழுந்து நிற்றல்’, அதாவது உயிர்த்தெழுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கான்ஸ்டன்டைன் என்னும் பேரரசரின் பெயர் ‘உறுதியாக நிற்பவன்’ என்னும் லத்தீன் சொல்லில் பிறந்து, கிரேக்கம் கடந்து, பல்கேரியரின் வாயில் கொஸ்தாதின் ஆனது. ‘நிறுத்து’ என்னும் கிரேக்க வினையிலிருந்து ஸ்தாமாத் வந்தது. நான்கு பெயர்கள், மூன்று மொழிகள், ஒரே வேர். பொருள் ஒன்றே என்பதைப் பழங்காலத்தவர் உணராமல் இல்லை என்பதற்கு அண்டை நாடான செர்பியாவில் ஒரு நல்ல சான்று உண்டு. வரலாற்றறிஞரும் பின்னாளில் செர்பியப் பிரதமருமான ஸ்தொயான் நொவாகோவிச் 1842இல் ஷாபத்ஸ் நகரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் கான்ஸ்டன்டைனின் சுருக்கமான கொஸ்தா. ஸ்லாவியப் பற்றின் காரணமாக அதை அவரே மொழிபெயர்த்து ஸ்தொயான் ஆக்கிக்கொண்டார். 1994இன் அந்த முன்கள இணை, அவ்வகையில் பார்த்தால், ஒரே பெயரின் லத்தீன் வடிவமும் ஸ்லாவிய வடிவமுமாக அருகருகே ஓடியிருக்கிறது.

ஒரு பெயர் எவ்வாறு பெருகுகிறது என்பதையும் ஸ்தொயான் நன்றாகக் காட்டுகிறது. ஸ்தொய்சோ, ஸ்தொய்கோ, ஸ்தொயிச்கோ ஆகியவை செல்ல வடிவங்களாகத் தொடங்கித் தனிப் பெயர்களாகிவிட்டவை; ஸ்தொயில், ஸ்தொயிமென் ஆகியவை அதே வேரின் வேறு கிளைகள்; பெண்களுக்கு ஸ்தொயான்கா, ஸ்தொயானா. பல்கேரியரின் முழுப்பெயர் வழக்கமாக மூன்று உறுப்புகள் கொண்டது: இயற்பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர். கால்பந்து வீரரின் முழுப்பெயர் ஹ்ரிஸ்தோ ஸ்தொயிச்கோவ் ஸ்தொயிச்கோவ் என்பதன் காரணம் இதுவே. நடுவில் இருப்பது தந்தை, கடைசியில் இருப்பது குடும்பம். குடும்பப் பெயர் பெண்களுக்கு ஆகார ஈறு பெறும். வியன்னா அரசு ஓபராவில் பாடிப் புகழ்பெற்ற க்ராசிமிரா ஸ்தொயானோவா இதற்கு எடுத்துக்காட்டு. ஓட்டோமன் ஆட்சிக்கு எதிரான 1876ஆம் ஆண்டு ஏப்ரல் எழுச்சியில் பங்கெடுத்து, அதைப் பற்றிய நினைவுக் குறிப்புகளால் பல்கேரிய உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவரான ஸஹாரி ஸ்தொயானோவ் பிறந்தபோது ஜெந்தோ என்று பெயர் பெற்றவர். இயற்பெயர் மாறியது, தந்தை ஸ்தொயானின் பெயர் மட்டும் அவரோடு நின்றது.

இலக்கணத்தில் இன்னொரு சுவையான செய்தி. பிற ஸ்லாவிய மொழிகள் பெரும்பாலானவற்றுக்கு மாறாக, பல்கேரியம் பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகளை ஏறத்தாழ முழுவதுமாக இழந்துவிட்டது. ஆயினும் விளி வேற்றுமையை விடவில்லை. ஸ்தொயானைக் கூப்பிட வேண்டுமானால் ‘ஸ்தொயானெ!’ என்பார்கள். நாட்டுப்பாடல்களில் ஸ்தொயான் என்னும் இளைஞன் அடிக்கடி வருபவன் ஆதலால், இந்த விளி அவற்றில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. தமிழ் இலக்கணப்படி நாம் கூப்பிட்டாலும் ‘ஸ்தொயானே’ என்றுதான் வரும். இது உறவால் வந்த ஒற்றுமை அன்று, முழுக்கத் தற்செயல்.

பொருளை நினைத்துப் பெயரிடும் வழக்கம் நாளடைவில் பின்னுக்குப் போயிற்று. பேரனுக்குத் தாத்தாவின் பெயரை இடுவது பல்கேரியரின் மரபு என்பதால், ஒரு வீட்டில் ஒருமுறை நுழைந்த ஸ்தொயான் காரணம் மறந்தபின்பும் தலைமுறை விட்டுத் தலைமுறை தொடர்ந்தது. இக்காலத்தில் அந்த மரபும் சுருங்கி, பலர் தாத்தாவின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தாத்தா ஸ்தொயான் என்றால் பேரன் சிமெயோனாக இருக்கலாம். அங்கே ‘நில்’ என்னும் வேர் முற்றிலும் போய், ஒரு சகரம் மட்டுமே மிஞ்சுகிறது.

பெயரைத் தாங்கியவர்கள் அதன் பொருளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். 1913 ஜூனில் இரண்டாம் முறையாகப் பல்கேரியப் பிரதமரான ஸ்தொயான் தானேவ், இரண்டாம் பால்கன் போரின் பேரழிவுக்கு நடுவே ஒரு மாத அளவிலேயே பதவி விலகினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்சின் கிடைக்கம்பிப் போட்டியில் தங்கம் வென்ற ஸ்தொயான் தெல்சேவ், கம்பியை விட்டுவிட்டு அந்தரத்தில் அரைத் திருப்பத்துடன் குட்டிக்கரணம் அடித்து மீண்டும் கம்பியைப் பிடிக்கும் ஒரு வித்தையால் நினைவுகூரப்படுகிறார். அவ்வித்தைக்கு அவர் பெயரே வழங்குகிறது. ஸ்தொயான் கானேவ் 1992இல் ஐ.நா. பொதுச்சபையின் 47ஆவது கூட்டத்தொடருக்குத் தலைமை தாங்கினார். கவிஞர் ஸ்தொயான் மிஹாய்லோவ்ஸ்கி 1892இல், ஸ்லாவியர் எழுத்துக்கு வித்திட்ட புனித சிரில், மெத்தோதியுஸ் ஆகியோரைப் போற்றி எழுதிய பாடல், ஆண்டுதோறும் மே 24 அன்று, பல்கேரிய எழுத்துகளுக்குரிய விழாவில், இன்றும் பாடப்படுகிறது.

எழுத்து என்றதும் இன்னொரு ஸ்தொயான் வந்துவிடுகிறார். பழைய பல்கேரிய எழுத்துமுறையில், மெய்யில் முடியும் ஆண்பாற் சொற்களின் இறுதியில் ‘எர்’ என்னும் எழுத்தை எழுதியாக வேண்டும். முற்காலத்தில் அது ஒரு குற்றுயிரைக் குறித்தது; அந்த உயிர் வாயிலிருந்து மறைந்து நூற்றாண்டுகள் ஆனபின்பும் எழுத்து மட்டும் ஊமையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்தொயான் என்பதிலும் ஐந்து எழுத்துகள் ஒலிக்க, ஆறாவது எழுத்து சும்மா இருந்தது. 1921இல் உழவர் கட்சி அரசின் கல்வி அமைச்சராக இருந்த ஸ்தொயான் ஒமார்செவ்ஸ்கி கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம், இறுதி எர்களை நீக்கியது. அமைச்சர் தம் பெயரின் கடைசி எழுத்தையே ஆணையிட்டு அகற்றினார் என்று சொல்லலாம். 1923 ஜூன் 9 அன்று அந்த அரசு ஆட்சிக் கவிழ்ப்பில் வீழ்ந்தது; புதிய ஆட்சியாளர்கள் பழைய எழுத்துமுறையை மீட்டார்கள், நீக்கிய எழுத்து மீண்டும் பெயரின் வாலில் வந்து ஒட்டியது. 1945இல் நடந்த சீர்திருத்தம் அதை மறுபடியும் வெட்டியது. அன்றிலிருந்து ஸ்தொயானுக்கு ஐந்து எழுத்துகள்தாம்.