உடம்பைப் பார்த்துக் குணம் சொல்கிறோம்

பிஜி நாட்டில் நந்த்ரோங்கா என்றொரு மாகாணம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு பெண்ணைப் பார்த்து "நல்லாச் சதை பிடிச்சிருக்கியே" என்று சொன்னால் அது பாராட்டு. வீட்டில் அவளை நன்றாகக் கவனிக்கிறார்கள், வேலைக்குத் தெம்பாக இருக்கிறாள், சொந்தபந்தம் அவளைக் கைவிடவில்லை என்று அந்த உடம்பைப் பார்த்தே ஊர் புரிந்துகொள்ளும். யாருக்காவது பசி மந்தமாகி உடம்பு இளைத்தால்தான் பதற்றம். அதை 'மதாகே' என்ற பெயரில் ஒரு நோயாகவே எண்ணி மூலிகை மருந்து கொடுப்பார்கள். நம் பாட்டிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. "பூசினாப்போல இருக்கா" என்பது நம்மிடமும் நல்ல வார்த்தைதான். "என்ன இப்படி இளைச்சுட்டே?" என்ற கேள்வியில் இருப்பது கரிசனம்.

1995-இல் அந்த வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. அங்கே பல வருடங்களாக ஆய்வு செய்துவந்த ஆன் பெக்கர், ஹார்வர்டைச் சேர்ந்த மானுடவியலாளர், மனநல மருத்துவரும்கூட. தொலைக்காட்சி வந்த சில வாரங்களிலேயே பள்ளி மாணவிகள் 63 பேரிடம் சாப்பாடு, உடம்பு பற்றிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்துப் பதில் வாங்கினார். 1998-இல் அதே வயதுள்ள வேறு 65 மாணவிகளிடம் அதே கேள்விகளைக் கேட்டார். சாப்பாட்டோடு உள்ள உறவு சிக்கலாகிவிட்டது என்று காட்டும் மதிப்பெண், முதல் தடவை 12.7 சதவீத மாணவிகளுக்கு வந்திருந்தது; மூன்று வருடம் கழித்து 29.2 சதவீதம். எடையைக் குறைப்பதற்காகத் தானே வாந்தி எடுப்பதாக 1995-இல் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள்.

இது சின்ன ஆய்வுதான். தொலைக்காட்சி வராத ஊர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. எல்லாப் பழியையும் ஒரு பெட்டியின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் எண்களைவிட அந்த மாணவிகள் பேசியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரையில் வரும் பெண்களைப் போல ஒல்லியாக இருந்தால் நல்ல வேலை கிடைக்கும், வாழ்க்கையில் முன்னேறலாம் என்ற எண்ணம் அவர்கள் பேச்சில் இருந்தது. அதற்கு முன்பு ஒருத்தியின் உடம்பு, அவளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது. இப்போது அது அவளுடைய சுறுசுறுப்பையும் கட்டுப்பாட்டையும் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஊரின் பொறுப்பாக இருந்த ஓர் உடம்பு அவள் ஒருத்தியின் பொறுப்பாக மாறியது. உடல் பருமன் பற்றி உலகம் முழுக்க நிலவும் மனப்பான்மை இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் இயங்குகிறது என்று நினைக்கிறேன்.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் வைனரும் அவருடைய சகாக்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பலவிதக் குறைகளை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஒருவருடைய நிலைமைக்கு அவர் காரணமில்லை என்று தோன்றினால் நமக்கு இரக்கம் வருகிறது, உதவத் தோன்றுகிறது. அவரே வரவழைத்துக்கொண்டது என்று தோன்றினால் கோபம் வருகிறது, உதவும் எண்ணம் குறைகிறது. பார்வையில்லாதவரைப் பார்க்கும்போது முதல் வகை. பருமனானவரைப் பார்க்கும்போது இரண்டாவது. "வாயைக் கட்டினா சரியாயிடும்" என்கிற ஒரு வரிக்குள் இந்த முழுக் கணக்கும் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் குழந்தைகள் வெகு சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்களைக் காட்டி, பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். எந்தக் குறையும் இல்லாத குழந்தை, ஊன்றுகோல் வைத்திருக்கும் குழந்தை, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகத்தில் வடு உள்ள குழந்தை, பருமனான குழந்தை. கடைசி இடம் பருமனான குழந்தைக்கு. நாற்பது வருடம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது கடைசி இடம் மாறவில்லை, வெறுப்புதான் கூடியிருந்தது.

பெரியவர்களிடம் நிலைமை இன்னும் வருத்தம் தருவது. நாம் யோசிப்பதற்கு முன்பே மனத்தில் ஓடும் சாய்வை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. சொற்களையும் படங்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறோம் என்று கணினி கணக்கிடும். 2007 முதல் 2016 வரை இணையத்தில் செய்யப்பட்ட 44 லட்சம் சோதனைகளை டெஸ்ஸா சார்ல்ஸ்வொர்த், மஹ்சரின் பனாஜி இருவரும் அலசினார்கள். இனம், தோல் நிறம், பாலீர்ப்பு ஆகிய மூன்றிலும் அந்த உள்மனச் சாய்வு மெல்ல மெல்லக் குறைந்திருந்தது. வயது, உடல் ஊனம் இரண்டிலும் அப்படியே நின்றது. உடல் எடையில் மட்டும் அது நடுநிலையைவிட்டு மேலும் விலகிப் போயிருந்தது.

சரி, எடை உண்மையிலேயே அவரவர் கையில் இருக்கிறதா? இங்கேதான் உடம்பின் உள்வேலையைப் பார்க்க வேண்டும்.

முதலில் டென்மார்க். அங்கே தத்தெடுப்புப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்ததால், தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 540 பெரியவர்களின் எடையை, வளர்த்த பெற்றோர், பெற்ற பெற்றோர் ஆகிய இரு தரப்போடும் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழுவினரால் ஒப்பிட முடிந்தது. 1986-இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் எடை பெற்றவர்களின் எடையோடு தெளிவாக ஒத்துப்போனது. யார் சமையலைச் சாப்பிட்டு, யார் வீட்டில் வளர்ந்தார்களோ, அவர்களோடு தொடர்பே தெரியவில்லை. இதை வைத்துச் சாப்பாட்டுக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடந்த ஐம்பது வருடங்களில் உலகம் முழுக்க எடை கூடியதற்கு மரபணு மாறியது காரணமில்லை. சுற்றிலும் மலிந்த உணவு மாறியது, உடல் உழைப்பு மாறியது. ஆனால் ஒரே மாதிரி உணவுச் சூழலில் யார் பருமனாகிறார், யார் ஆகவில்லை என்ற வேறுபாட்டில் பிறவிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

1994-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு என்றால் உடம்பில் சும்மா தொங்கும் மூட்டை என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் கொழுப்பு செல்கள் லெப்டினைச் சுரந்து, ரத்தம் வழியாக மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன: கையிருப்பு இவ்வளவு இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் அதைப் படித்துப் பசியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

தகவலே போகாவிட்டால் என்ன ஆகும்? 1997-இல் இங்கிலாந்தில் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. எட்டு வயதுச் சிறுமி, எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையன், வயது இரண்டு, எடை 29 கிலோ. இரண்டு பேருக்கும் லெப்டின் மரபணுவில் பழுது. கொழுப்பு எவ்வளவு சேர்ந்தாலும் அவர்கள் மூளைக்குப் பட்டினிச் செய்திதான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சதஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓராஹிலி ஆகிய கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். அவள் சாப்பிடும் அளவு இறங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அவளுக்கு யாரும் மனஉறுதியைக் கற்றுக்கொடுக்கவில்லை. இல்லாமல் போன ஒரு புரதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பழுது மிக மிக அரிது. பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே சுரக்கிறது. மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் பேராசை என்று நினைக்கும் ஒரு பசி, உண்மையான பட்டினியைப் போலவே உள்ளே எரியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

சாதாரணமாக எடை கூடியவர் பட்டினி கிடந்து குறைத்தால் உடம்பு என்ன செய்கிறது? லெப்டின் இறங்குகிறது, இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டுப்பாடு முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. செலவுப் பக்கத்திலும் உடம்பு கையை இறுக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டியாக நடந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் பரிசோதித்தார். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, அவர்கள் எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அதாவது அதே எடையுள்ள இன்னொருவர் சாப்பிடும் அளவையே சாப்பிட்டாலும் இவர்களுக்கு எடை ஏறும். பஞ்சத்தைத் தாண்டி வந்த உயிரினத்தின் உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். நாம் அதை 'தளர்ந்துவிட்டான்', 'திரும்ப ஆரம்பிச்சுட்டா' என்று படிக்கிறோம்.

எடை குறைக்க இப்போது பேசப்படும் செமாக்ளுடைட் என்ற மருந்து ஊசியும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்பவர்கள் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள். நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த 68 வாரம் மட்டும் அவர்கள் ஒழுக்கமானவர்களாகவும், அப்புறம் சோம்பேறிகளாகவும் ஆகிவிடவில்லை. ஊசி போட்டவர்கள் பலர், மண்டைக்குள் ஓயாமல் நச்சரித்த சாப்பாட்டுச் சத்தம் அடங்கிவிட்டது என்கிறார்கள். மற்றவர்களுக்குப் பிறவியிலேயே அந்தச் சத்தம் குறைவு என்பதை அப்போதுதான் அவர்கள் முதன்முறையாக உணர்கிறார்கள்.

"ஆனா நாலு பேர் சொன்னாத்தானே ரோசம் வந்து குறைப்பாங்க?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். ஆனால் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. பிரிட்டனில் 2,944 பேரை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்ததில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.71 கிலோ குறைந்தது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வில், தொடக்கத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில் எடைக்காகப் பாகுபாட்டைச் சந்தித்தவர்கள், நான்கு வருடத்தில் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. அவமானம் ஒரு மனஅழுத்தம். அழுத்தம் வந்தால் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும். கொழுப்பும் இனிப்பும் உள்ள உணவை மனம் தேடும். இன்னொன்றும் நடக்கிறது: நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போவதையே ஆள் நிறுத்திவிடுகிறார். நடைப்பயிற்சிப் பூங்கா, நீச்சல் குளம், எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவமனை.

என் பெரியம்மா மகளுக்கு அதுதான் நடந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாள் முழுக்கக் களைப்பு என்று ஒரு மருத்துவரிடம் போனாள். அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "முதல்ல எடையைக் குறைச்சுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனைகூட எழுதவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. கல்யாண வீடுகளுக்கு வருவதும் நின்றது.

இந்தப் பார்வை ஒல்லியானவர்களையும் விட்டுவைப்பதில்லை. "உனக்கென்ன, ஒல்லியாத்தானே இருக்கே, சுகர் எல்லாம் வராது" என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்! 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருடைய உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்ட பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடம்பில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு இந்தியர்களிடம் அதிகம். அதனால் நீரிழிவும் குறைந்த எடையிலேயே நம்மைப் பிடிக்கிறது. மற்ற நாட்டவருக்குப் பிஎம்ஐ 25 எல்லை என்றால், நமக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், ஆள் பார்வைக்கு எப்படி இருந்தாலும் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கூடுதல் கொழுப்பு உடம்புக்குக் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை அளக்க நாடாவும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. நம் கண் அதற்குத் தோதான கருவி இல்லை.

பெரியம்மா மகளை எட்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்த மருத்துவர் அம்மா எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கம் போகும் முன்பே, தூக்கம் எப்படி, மாதவிடாய் எப்படி, சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி தோன்றுகிறதா என்று கேட்டார். இடுப்பை அளந்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7-க்குச் சற்று மேல், நல்ல ரத்தசோகை. இரும்புச்சத்து ஏற ஏற மூச்சு வாங்குவது குறைந்தது. இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாரும் சொல்லாமலே தானாகக் கிளம்பி அவரிடம் போய் வருகிறாள்.