ஒரு கிலோமீட்டருக்கு வெளியே

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றைக் காவல் காக்கிற குடும்பம் அது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் இவர்களுக்கு என்று இருப்பது பின்கட்டில் ஒரு அறை. மகளுக்குத் தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடம் கேட்டுக் கிடைக்காமல், அந்த அம்மா பிறப்புச் சான்றிதழோடு காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு வந்தார்.

"பள்ளிக்கூடம் தெருமுனையிலதான் சார் இருக்கு. விலாசம் ஒத்துவரலைன்னு தள்ளிட்டாக."

ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊர் விலாசத்திலேயே இருந்தது. ஆதாரும் அப்படியே.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12(1)(சி)-இன்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்துவிட்டது. தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நகரத்துக்கு இது சரி. இங்கே மெட்ரிக் பள்ளிகள் பெரும்பாலும் காரைக்குடி, தேவகோட்டை மாதிரி ஊர்களிலும் மெயின்ரோட்டிலும்தான். மஞ்சள் வேன் பத்துக் கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்துக்கும் போகிறது, பணம் கட்டுகிற பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள. இடஒதுக்கீடு அந்த வேனில் ஏறுவதில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நலிந்த பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் பட்டியல் சாதியினரோடு பிற்படுத்தப்பட்டோரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும் வருகிறார்கள். அங்கே வருமான வரம்பே கிடையாது. சாதிச் சான்றிதழ் போதும். ஆக, சிங்கப்பூரிலிருந்து அப்பா பணம் அனுப்பும் பிள்ளையும் சித்தாள் வேலை பார்ப்பவரின் பிள்ளையும் இடம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஒரே குலுக்கலில். முதலில் திருத்த வேண்டியது இதைத்தான் என்பேன்.

நான் படித்தது தேவகோட்டைப் பக்கம், நகரத்தார் கட்டிய ஓர் உதவிபெறும் பள்ளியில். எண்பதுகளில் டாக்டர் மகனும் மாட்டுவண்டிக்காரர் மகனும் ஒரே பெஞ்சு. (மாட்டுவண்டிக்காரர் மகன்தான் கணக்கில் கெட்டி.) இன்று அதே ஊரில் சீருடையைப் பார்த்தே வீட்டு வருமானத்தைச் சொல்லிவிடலாம். 25 சதவீதம் அதைக் கொஞ்சம் கலைக்கிறது, உண்மை. ஆனால் அலைந்து திரிந்து விண்ணப்பிக்கிற பெற்றோரும் அரசுப் பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள். கேள்வி கேட்க அங்கே யார் மிச்சம்?

அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது பிரிவு 13-ஐத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்முகம், தேர்வு எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைக்கு 50,000 வரை. நன்கொடை வாங்கினால் அந்தத் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை. பிரிவு 14-இன்படி, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் முடியாது. வாய்வார்த்தையாக மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே சில இடங்களில் குரல் தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு அந்த வருடம் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விண்ணப்ப நாள் முடிந்திருந்தது. மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போகிறாள், காலைச் சாப்பாடும் அங்கேதான். இளையவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. வீட்டுக்கார ஆச்சியிடம் குடியிருப்புக் கடிதம் வாங்கி, ரேஷன் கார்டை இப்போதே மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆச்சி சென்னையில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவாராம்.