‘டங்’ சத்தமும் பஞ்சு மிட்டாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் மகளுக்குப் பஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றாள். மீதியை, “நாளைக்கு ஸ்கூல் விட்டு வந்து சாப்பிடறேன்” என்று பையோடு ஃப்ரிட்ஜ் மேலே வைத்தாள். பையின் வாயை முறுக்கிக் கட்டவில்லை, நானும் கவனிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தால், குட்டித் தலையணை மாதிரி இருந்த பையின் அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் பிசுபிசுவென்று ஒரு கட்டி. “யாரோ தின்னுட்டாங்கப்பா” என்று ஒரே அழுகை. வீட்டில் எல்லோருடைய சந்தேகமும் என் மேல்தான் விழுந்தது.

நான் தின்னவில்லை. தராசில் வைத்துப் பார்த்திருந்தால் எடை துளியும் குறைந்திருக்காது, கொஞ்சம் கூடித்தான் இருக்கும். போட்ட சர்க்கரை முழுவதும் அந்த நெல்லிக்காய்க்குள்ளேயே இருந்தது. அப்படியானால் அந்தப் பஞ்சு எங்கே போனது?

பதில் கடலை உருண்டையில் இருக்கிறது. எங்கள் பெரியம்மா கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வார். பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். தொடக்கத்தில் அது கரைந்து போகும். கொஞ்ச நேரம் கழித்து விட்டால் விரலால் உருட்ட வரும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தண்ணீரில் விழுந்ததுமே விறைத்துக்கொள்ளும். அதை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அடுப்பை அணை, கடலையைக் கொட்டு. அரை நிமிடம் தாமதித்தாலும் உருண்டை கசக்கும், முந்திக்கொண்டால் பல்லில் ஒட்டும்.

பெரியம்மா தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டதில்லை. ஆனால் அவர் பார்த்தது வெப்பநிலையைத்தான். தனித் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாகு அப்படியில்லை, தண்ணீர் ஆவியாகி ஆவியாகி சர்க்கரை கெட்டிப்பட, கொதிக்கும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். கம்பிப் பதத்தில் 110 டிகிரியை ஒட்டி இருக்கும். பாகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்னும் தண்ணீர். சர்க்கரைப் பாகு 150 டிகிரியை நெருங்கும்போது தண்ணீர் ஒன்றிரண்டு சதவீதம்தான் மிஞ்சும். ‘டங்’ சத்தம் வருவது அங்கேதான்.

அந்தச் சத்தம் கண்ணாடியின் சத்தம். பேச்சுக்காகச் சொல்லவில்லை, தண்ணீரில் விறைத்துப் போன அந்தச் சொட்டு, இயற்பியல் கணக்கில் உண்மையாகவே ஒரு கண்ணாடி. ஜன்னலில் இருப்பது மணலில் செய்தது, இது சர்க்கரையில் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்ததும் கூட்டம் உள்ளே பாய்கிறது. பத்து நிமிடம் விட்டால் எல்லோரும் இலை பார்த்து வரிசை வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கரை மூலக்கூறுகள் அப்படி வரிசையில் உட்கார்ந்த நிலைதான் படிகம்: டப்பாவில் இருக்கும் சர்க்கரை, கல்கண்டு எல்லாம் அதுதான். பாய்ந்து வரும் கூட்டத்தை அந்த நொடியிலேயே அசையவிடாமல் நிறுத்திவிட்டால்? ஒருவர் குறுக்கே, ஒருவர் நெடுக்கே, பாதிப் பேர் இலையைத் தாண்டிக்கொண்டு. திடப்பொருள்தான், ஆனால் வரிசை கிடையாது. அதுதான் கண்ணாடி நிலை.

ஆக, ஒரே சர்க்கரைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில்தான் தின்பண்டம் மாறுகிறது. பனங்கற்கண்டுக்குப் பாகில் நூலைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைக்கிறார்கள். மூலக்கூறுகள் சாவகாசமாக இடம் பிடித்து உட்கார்ந்து பெரிய பெரிய கட்டியாகின்றன. ஜாங்கிரிப் பாகில் அதற்கு நேரெதிரான கவலை. பாகு ஆறியதும் பூத்துவிடக் கூடாது என்று நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவார்கள். அந்தப் புளிப்பு, சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடுகிறது. பந்தியில் வேறு அளவு ஆட்கள் நடுவே புகுந்துவிட்டதால் வரிசை அமையாது.

பஞ்சு மிட்டாயில் கொடுக்கப்படும் நேரம், நொடியில் ஒரு துளி.

மெஷினை எட்டிப் பார்த்திருப்பீர்கள். பெரிய அலுமினியத் தொட்டி, நடுவில் சுழலும் ஒரு தலை, அதன் விளிம்பில் பொடி ஓட்டைகள், அடியில் நெருப்பு. சிலர் காலால் மிதித்துச் சுற்றுவார்கள், இப்போது பெரும்பாலும் மோட்டார்தான். சுழலும் அந்தத் தலைக்குள் மிட்டாய்க்காரர் ஒரு கரண்டி சர்க்கரையைப் போடுகிறார். தண்ணீர் சேர்ப்பதில்லை, அதைக் கவனியுங்கள். 160 டிகிரிக்கு மேல் சர்க்கரை இளகத் தொடங்கி, 186 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். ஓட்டை விளிம்பில் என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். தலையின் ஆரம் 5 செ.மீ., நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால், உருகிய சர்க்கரையை வெளியே தள்ளும் விசை புவியீர்ப்பைப் போல் சுமார் 500 மடங்கு.

இவ்வளவு வேகத்தில் தண்ணீரைத் தள்ளினால் சொட்டுச் சொட்டாகச் சிதறும். சர்க்கரை ஏன் நூலாகிறது? தேன் கரண்டியிலிருந்து இழையாக இறங்குவதும் தண்ணீர் சொட்டுவதும் எதனாலோ, அதனால்தான். பிசுக்கு அதிகமான திரவம் நீளும், ஆனால் சட்டென்று அறுந்து சொட்டாகாது. இங்கே கூடுதலாக இன்னொன்றும் சேர்கிறது: நீள நீள இழை மெலிகிறது, மெலிய மெலிய வேகமாக ஆறுகிறது, ஆற ஆற இன்னும் கெட்டிப்படுகிறது. அறுந்து போகலாமா என்று யோசிப்பதற்குள் கண்ணாடியாகிவிடும். தொட்டியில் சுற்றிச் சேரும் அந்த நூலாம்படையைக் குச்சியில் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள். குச்சியைச் சுழற்றும் அந்த மணிக்கட்டு வித்தை எனக்குப் பிடிபட்டதே இல்லை. ஒரு தடவை காசு கொடுத்து முயன்று, முழங்கை வரை மிட்டாயானேன்.

இன்னும் ஒரு கணக்கு, எனக்கு மிகவும் பிடித்தது. இழையின் தடிமனை 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்; தலைமுடியை விட மெல்லிசு. ஒரு கிராம் சர்க்கரையை அந்தத் தடிமனில் இழுத்தால் 2 கிலோமீட்டர் நூல் வரும். ஒரு பையில் 20 கிராம் இருந்தால் 40 கிலோமீட்டர். பீச் ஸ்டேஷனில் ஏறி, தாம்பரத்தையும் தாண்டிப் போகிற தூரம். ஒரு கிராம் கல்கண்டுக் கட்டியின் மேற்பரப்பு நாலைந்து சதுர செ.மீ.தான். அதே ஒரு கிராம் இந்த இழையானால் சுமார் 1,250 சதுர செ.மீ.; இரண்டு ஏ4 தாள் அளவு. எச்சில் தொட அவ்வளவு இடம் இருக்கும்போது, நாக்கில் வைத்ததும் காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. படிகமாக இருந்தால் வரிசையைக் குலைத்து ஒவ்வொரு மூலக்கூறாகப் பிடுங்க வேண்டும். இங்கே குலைக்க வரிசையே இல்லை.

இந்த மெஷினைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பல் டாக்டர். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரைச் சேர்ந்த வில்லியம் மாரிசன் என்ற பல் மருத்துவரும், ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் 1897ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1904ல் செயின்ட் லூயி உலகக் கண்காட்சியில் ‘தேவதை நூல்’ என்று பொருள்படும் பெயரில், பெட்டி 25 சென்டுக்கு 68,655 பெட்டிகள் விற்றார்கள். கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணமே 50 சென்டுதான். பல் டாக்டர் தன் தொழிலுக்கு வாடிக்கை பிடித்தார் என்று கிண்டல் செய்யத் தோன்றும். ஆனால் ஒரு பை பஞ்சில் இருப்பது முப்பது கிராமுக்குள்தான். ஒரு டின் கோலாவில் அதைவிட அதிகம் இருக்கும்.

சரி, ஃப்ரிட்ஜ் மேலே இருந்த பைக்கு வருவோம். கண்ணாடிச் சர்க்கரைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஈரமே இல்லாதவரை, சுமார் 60 டிகிரி வெப்பம் வரை அது விறைப்பாகவே நிற்கும். தண்ணீர் நாலைந்து சதவீதம் உள்ளே புகுந்தால், இளகும் வெப்பநிலை நம் வீட்டு வெப்பநிலைக்கே இறங்கிவிடும். கதவைச் சாத்தி நிறுத்தி வைத்த பந்திக் கூட்டம் மறுபடி நகரத் தொடங்குகிறது. இழை துவண்டு, பக்கத்து இழையோடு ஒட்டி, நடுவில் இருந்த காற்றெல்லாம் வெளியேறி, கட்டியாகிறது. சோதனைகளில் பார்த்தபடி, காற்றில் ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தால் பஞ்சு மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கும். 75 சதவீதம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். சென்னைக் கடலோரத்தில் 75 சதவீதம் என்பது சாதாரண நாள். இங்கே பஞ்சு மிட்டாயை விடக் காற்றுப் புகாமல் கட்டிய அந்தப் பிளாஸ்டிக் பைதான் முக்கியம். கழியில் பைகளைத் தொங்கவிட்டு மணியடித்துக்கொண்டு வருபவர் ஒவ்வொரு பையையும் அவ்வளவு இறுக்கிக் கட்டியிருப்பது இதனால்தான்.

நாங்கள் வாங்கியது வெள்ளைப் பஞ்சு. நான் சின்ன வயதில் தின்றதெல்லாம் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம். அந்த நிறத்தில் சிக்கல் இருந்தது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் அடுத்துத் தமிழ்நாட்டிலும் எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரிந்து, விற்பனைக்குத் தடை வந்தது. அது துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்க இந்தியாவில் அனுமதியே கிடையாது. மலிவு, துளி போட்டாலே பளிச்சென்று ஒளிரும், அதனால் போட்டார்கள். ருசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிறமே போடாத பஞ்சு வெள்ளையாகத் தெரிவதுகூட இழை வெள்ளை என்பதால் அல்ல. தனி இழை நிறமற்ற கண்ணாடி. கோடிக்கணக்கான விளிம்புகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடியைத் தூளாக்கினால் வெளுத்துத் தெரிவதில்லையா, அதே கதை.

நூல் கரைந்து போகும் என்பதையே வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. நம் உடம்பின் நுண் ரத்தக் குழாய்கள் 10 மைக்ரான் அளவுள்ளவை. செயற்கைத் திசுவுக்குள் அப்படிப்பட்ட வலைப்பின்னலைக் குடைவது பெரும்பாடு. 2009ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லியான் பெல்லன் என்ற ஆய்வாளர், பஞ்சு மிட்டாயின் மேல் பிசினை ஊற்றி இறுகவிட்டு, பிறகு சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றினார். நூல் இருந்த இடமெல்லாம் குழாய். பின்னர் அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஈரமான கூழுக்குள்ளும் உடனே கரையாமல், குளிர்ந்தால் மட்டும் கரைகிற ஒரு பாலிமரை அதே மாதிரி மெஷினில் நூலாக்கினார். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதும் நாஷ்வில்லில்தான், பல் டாக்டரின் ஊர்.

எங்கள் வீட்டுக் கட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதில் பிசுபிசுப்பு குறைந்திருந்தது. மகள் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “பஞ்சு மிட்டாய் மாதிரியே இல்லப்பா. சர்க்கரை மாதிரி நறநறன்னு இருக்கு.”

உட்கார இடம் பிடித்துவிட்டார்கள்.