கிரிட்டிக்கல் பாத்: அறுதிப் பாதை

கட்டடம் ஏன் தாமதமானது, அதற்கு யார் பொறுப்பு என்று உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் மோதும்போது தவறாமல் வந்து விழும் சொல் 'கிரிட்டிக்கல் பாத்'. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்துக் கிடக்கும் வேலைத் தொடர்களில் மிக நீளமானது எதுவோ, அதற்கு இந்தப் பெயர்.

ஒரு வீட்டின் கான்கிரீட் மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். நாலரை மீட்டர் வரை இடைத்தூரம் உள்ள தளத்துக்குச் சாதாரண சிமென்ட் போட்டால், அதைக் கீழிருந்து தாங்கும் முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி 456. இடைத்தூரம் அதைத் தாண்டினால் 14 நாள். முட்டுகளைப் பிரிக்காமல் உள்பூச்சு நடக்காது. அந்த இடைவெளியில் டைல்ஸ் நான்கு நாள் பிந்தி வந்து இறங்கினாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை. கம்பி கட்டுகிறவர் நான்கு நாள் வராவிட்டால் கிரகப்பிரவேசமே தள்ளிப்போகும். டைல்ஸுக்குக் கிடைத்த அந்தச் சலுகைக்குப் பெயர் 'ஃபுளோட்'; தமிழில் 'தளர்வு' என்றால் போதும். 'மிதவை' என்று எழுதுவது துறைமுக வேலைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இந்தக் கணக்கை 1957 வாக்கில் அமெரிக்காவில் வகுத்தவர்கள் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும். அவர்கள் சொன்னது 'முதன்மைச் சங்கிலி' என்ற பொருளில். இன்றைய பெயர், பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற திட்ட அட்டவணை முறையை உருவாக்கியவர்கள் தந்தது.

'கிரிட்டிக்கல்' என்பதன் வேர் 'கிரினெய்ன்' என்ற கிரேக்க வினை. பிரித்தல், அதிலிருந்து தீர்ப்பளித்தல் என்று பொருள். இயற்பியலில் வழங்கும் 'மாறுநிலை'யை இங்கே ஒட்டவைத்தால் 'மாறும் பாதை' என்று தொனிக்கிறது. 'நெருக்கடிப் பாதை' என்றால் வேலையில் ஏதோ விபரீதம் என்று தோன்றும்; எல்லாம் ஒழுங்காக நடக்கும் பணியிலும் இப்பாதை உண்டு. என் தேர்வு 'அறுதிப் பாதை'. அறு என்ற வேரிலிருந்து அறுதி, அறுதியிடுதல் என்று வெட்டுவதும் தீர்மானிப்பதும் நம் மொழியிலும் ஒரே வழியில் வந்திருக்கின்றன. முடிவு நாளை அறுதியிடும் பாதை என்று விளக்கவும் எளிது.

தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கணிக்கும் தாமத ஆய்வு முறைகள் பிரிவது இப்பாதையை எந்த ஆவணத்தில் தேடுகிறோம் என்பதில்தான். தொடக்கத் திட்டத்தில் தாமதத்தைச் செருகிப் பார்ப்பது ஒன்று. தாமதம் நேர்ந்த வேளையில் புதுப்பித்திருந்த அட்டவணையில் செருகுவது இன்னொன்று. உண்மையில் நடந்த அட்டவணையிலிருந்து தாமதத்தை உருவி, அது இல்லாவிட்டால் எப்போது முடிந்திருக்கும் என்று பார்ப்பதும் உண்டு. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு ஆறு முறைகளை விவரிக்கிறது.

முதல் முறை மலிவானது, ஆனால் வலுவற்றது. அறுதிப் பாதை வேலை நடக்க நடக்க இடம் மாறும். தொடக்கத் திட்டத்துக்கு அது தெரியாது. கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டல் புதுப்பிப்பு வழக்கில் 2005-இல் லண்டன் நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது: பணியிடத்தில் உண்மையில் நடந்ததைக் கணக்கில் எடுக்காத இந்த ஆய்வு கற்பனையான விடையையே தரும் என்றது.